மதுரைக்கு ஒரு மணி நேரத்தில் கேசினோ

மதுரையில் கேசினோ கிடையாது. தமிழ்நாட்டில் எங்குமே கிடையாது. 1930-ல் மதராஸ் மாகாணத்தில் கொண்டுவந்த சூதாட்டச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் துண்டை விரித்து வெட்டுச்சீட்டு ஆடினால் போலீஸ் ஜீப் வரும். மறுநாள் பேப்பரின் மூலையில் "பணம் வைத்துச் சீட்டாடியவர்கள் கைது" என்று நாலு வரியில் செய்தி வரும். பிடிபட்ட ரொக்கத்தையும் சீட்டுக்கட்டையும் எழுதியிருப்பார்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து வாசகர்களுக்கு இது பழகிய செய்தி.

ஆனால் பெருங்குடி விமான நிலையத்தில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கொழும்பில் இறங்கிவிடலாம். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுப்பவர் விழுப்புரம் தாண்டுவதற்குள், விமானத்தில் போனவர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, கார் பிடித்து, கொழும்பு நகரத்துக்குள் போய்ச் சேர்ந்திருப்பார். அங்கே பேரே வாவிக்கு அருகே எழுந்து நிற்கிறது சினமன் லைஃப். 800 அறைகள், குடியிருப்புகள், அலுவலகங்கள், கடைகள், கல்யாண மண்டபங்கள், அத்தனைக்கும் நடுவே ஒரு கேசினோ. கேசினோவையும் சேர்த்து இந்த வளாகத்துக்கு இன்று 'சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ் ஸ்ரீலங்கா' என்று பெயர். இலங்கையில் ஒரு தனியார் நிறுவனம் செய்த முதலீடுகளிலேயே மிகப் பெரியது என்று இதைச் சொல்கிறார்கள். மொத்தச் செலவு 120 கோடி டாலருக்கு மேல்.

இந்தக் கட்டடத்தின் கதையை மதுரை வாசகர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். கட்டியவர்கள் தங்கள் கணக்கில் முதலில் எழுதிக்கொண்ட வாடிக்கையாளர் நாம்தான் என்பதே காரணம். இலங்கைக்குச் சுற்றுலா வரும் வெளிநாட்டவரில் இந்தியர்களே முதலிடம். 2024-ல் அங்கே வந்த 20 லட்சத்துச் சொச்சம் பேரில் இந்தியர் மட்டும் 4 லட்சத்துக்கு மேல். கொழும்பு கேசினோ மேசைகளைச் சுற்றி உட்காரும் வெளிநாட்டவரில் பெரும்பாலோர் இந்தியர் என்பது அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஐஸ் பாக்டரி இருந்த மண்

கொழும்பு கோட்டைக்குத் தெற்கே, பேரே வாவியை ஒட்டிக் கிடக்கிறது கொம்பனித்தெரு. ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு நெடுங்காலம் அடிமைத் தீவு என்று பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளை டச்சுக்காரர்கள் ராத்திரியில் இங்கே அடைத்து வைத்தார்கள். ஏரியில் முதலைகள் கிடந்ததால் யாரும் நீந்தித் தப்ப முடியாது. பிரிட்டிஷ் காலத்தில் மலாய்ச் சிப்பாய்கள் குடியேறினார்கள். பின்பு தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் கலந்து வாழும் நெருக்கமான பேட்டையாக ஆனது. சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலின் கோபுரமும் பள்ளிவாசலும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் இடம் அது.

இந்தப் பேட்டையில்தான் எலிஃபன்ட் ஹவுஸ் என்று இலங்கை முழுக்கத் தெரிந்த குளிர்பானக் கம்பெனி இருந்தது. 1866-ல் தொடங்கிய கொழும்பு ஐஸ் கம்பெனி அதன் ஆணிவேர். புழுங்கும் கொழும்பில் முதன்முதலாக ஐஸ் செய்து விற்றவர்கள் என்ற பெருமை அவர்களுக்கு. அவர்களுடைய இஞ்சிப் பானத்தின் ருசியை லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் ஈழத் தமிழர்கள் இன்றும் மறக்கவில்லை. பக்கத்துச் சாலைக்கு சேர் சிற்றம்பலம் கார்டினர் மாவத்தை என்று பெயர். சிலோன் தியேட்டர்ஸ் என்ற நிறுவனத்தை 1928-ல் தொடங்கி, தீவு முழுக்க சினிமா கொட்டகை கட்டிய யாழ்ப்பாணத் தமிழர் அவர். ஐஸ், சினிமா என்று ஜனங்கள் பொழுதுபோக்கத் தேடிய பலவும் இந்த ஏரியைச் சுற்றித்தான் வளர்ந்தன.

எலிஃபன்ட் ஹவுஸ் பின்னாளில் ஜான் கீல்ஸ் குழுமத்தின் கைக்கு வந்தது. அந்தக் குழுமத்தின் தொடக்கம், எட்வின் ஜான் என்ற ஆங்கிலேயர் 1870-ல் ஆரம்பித்த தரகு வியாபாரம். இலங்கையில் காப்பித் தோட்டங்கள் நோயில் அழிந்து தேயிலை தழைத்த காலம் அது. தேயிலைத் தரகில் வளர்ந்த கம்பெனி ஹோட்டல், கப்பல் சரக்கு, சூப்பர் மார்க்கெட் என்று கிளை பரப்பியது. அதன் தலைமை நாற்காலியில் 1990-ல் உட்கார்ந்த முதல் இலங்கையர் கென் பாலேந்திரா, ஒரு தமிழர். அவருடைய மகன் கிரிஷான் பாலேந்திரா 2019 ஜனவரியில் தலைவரானார். கேசினோ ஹோட்டலைக் கட்டி முடித்துத் திறந்தது அவருடைய காலத்தில்.

அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்கள் யார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணி பின்னால் நடந்து போன ஜனங்கள் அவர்கள். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்து, அந்தக் கடனைத் துண்டுச்சீட்டில் எழுதி, கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு நகர முடியாதபடி வைத்திருந்தார்கள். 'துண்டு' என்று பெயர் பெற்ற அந்த முறையை 1921-ல்தான் ஒழித்தார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அந்தப் பாதை ஓடியது. 2012 செப்டம்பரில் மதுரையிலிருந்து கிளம்பிய முதல் வெளிநாட்டு விமானமும் கொழும்புக்குத்தான் போனது. நம் சமவெளியும் கொழும்பும் எப்போதுமே ஒரே பாதையின் இரண்டு முனைகள். அந்தப் பாதையில் கடன் எந்தத் திசையில் போகிறது, லாபம் எந்தத் திசையில் வருகிறது என்பதைக் கவனிக்காமல் இந்த ஹோட்டலின் சரித்திரத்தை என்னால் எழுத முடியவில்லை.

குதிரைப் பந்தயம் முதல் 'வாட்டர்ஃப்ரண்ட்' வரை

சூதாட்டத்தோடு இலங்கை அரசுகளுக்கு இருந்த உறவு ஒரு நாளும் நேராக இருந்ததில்லை. கறுவாத்தோட்டத்தில் 1893-ல் குதிரைப் பந்தய மைதானம் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் அதையே விமான ஓடுதளமாக மாற்றினார்கள். போருக்குப் பின் பந்தயம் திரும்பியது. 1956-ல் பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்ததும் அது நின்றது. 1977-ல் ஜெயவர்த்தன பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபின் கேசினோக்கள் நுழைந்தன. 1991-ல் ஜனாதிபதி பிரேமதாசா அவற்றை இழுத்து மூடினார். 1993 மே தினத்தன்று அவர் கொல்லப்பட்டபின் ஒவ்வொன்றாகத் திரும்பவும் கதவைத் திறந்தன. தடைக்கும் அனுமதிக்கும் நடுவே, வரி மட்டும் கட்டிக்கொண்டு, கொழும்பின் சில சாலைகளில் பழைய பங்களாக்களில் அவை நடந்துவந்தன.

உள்நாட்டுப் போர் 2009-ல் முடிந்தது. மறு வருடமே கேசினோ தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. போர் தின்ற கஜானாவை நிரப்ப மகிந்த ராஜபக்சே அரசு சுற்றுலாவை நம்பியது. சுற்றுலாவுக்கு சிங்கப்பூரை முன்மாதிரியாகக் காட்டினார்கள். 2010-ல் திறந்த மரினா பே சாண்ட்ஸ், கேசினோவை நடுவில் வைத்து ஹோட்டல், மாநாட்டுக்கூடம், கடைத்தெரு எல்லாவற்றையும் அதைச் சுற்றிக் கட்டினால் ஒரு நகரத்தின் அடையாளமே மாறும் என்று காட்டியிருந்தது. கொழும்பிலும் அப்படி ஒன்று வேண்டும் என்றார்கள். ஆஸ்திரேலியாவின் கேசினோ முதலாளி ஜேம்ஸ் பேக்கர் ஒரு பக்கம் வந்தார். உள்ளூர்க் கம்பெனிகளில் ஜான் கீல்ஸ் 'வாட்டர்ஃப்ரண்ட்' என்ற பெயரில் தன் திட்டத்தை முன்வைத்தது. பங்குதாரர்களிடம் உரிமைப் பங்கு வெளியிட்டு 2013-ல் சுமார் 2,300 கோடி இலங்கை ரூபாய் திரட்டியது. அப்போது சொன்ன திட்டச் செலவு 85 கோடி டாலர்.

வரைபடத்தைப் போட்டவர் செசில் பால்மண்ட். இலங்கையில் பிறந்து, லண்டனில் அரூப் நிறுவனத்தில் உச்சிக்குப் போன கட்டமைப்பு வல்லுநர். லண்டன் ஒலிம்பிக் பூங்காவில் அனிஷ் கபூரோடு சேர்ந்து அவர் எழுப்பிய முறுக்குக் கோபுரத்தைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். கட்டும் வேலை கொரியாவின் ஹூண்டாய் நிறுவனத்துக்குப் போனது.

எதிர்ப்பும் கூடவே கிளம்பியது. புத்த பிக்குகளும் எதிர்க்கட்சிகளும் கேசினோ வேண்டாம் என்றார்கள். 2014 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் வரிச்சலுகைக்கு ஒப்புதல் வாங்கும்போது, சலுகை ஹோட்டலுக்குத்தான், கேசினோவுக்கு அல்ல என்று அரசு சொல்லிப் பார்த்தது. ஊர் நம்பவில்லை. 2015 ஜனவரியில் ஜனாதிபதி தேர்தலில் மைத்திரிபால சிறிசேன ஜெயித்தார். பேக்கரின் திட்டம் கிடப்பில் போனது. ஜான் கீல்ஸின் அஸ்திவாரமோ மண்ணுக்குள் இறங்கிவிட்டது. கேசினோவை மையமாக வைத்து வரைந்த கட்டடத்தை, கேசினோ வருமா வராதா என்று தெரியாமலே கட்டிக்கொண்டிருந்தார்கள். 'வாட்டர்ஃப்ரண்ட்' என்ற பெயர் 'சினமன் லைஃப்' ஆனது. நடுவில் ஒரு பெரிய தளம் மட்டும் சுவரும் கூரையுமாகக் காலியாகக் காத்திருந்தது.

அடுத்தடுத்து விழுந்த அடிகள்

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அந்த மூன்றில் ஒன்று ஜான் கீல்ஸின் சொந்த ஹோட்டலான சினமன் கிராண்ட். காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் செத்தவர்களின் ரத்தம் காயும் முன்பே தீவின் சுற்றுலா படுத்துவிட்டது. அது எழுந்து உட்காரும்போது கொரோனா. அது ஓய்ந்தபோது நாடே திவால். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கையை விரித்தது. 200 ரூபாய் வாக்கில் இருந்த டாலர் 360 ரூபாய் வரை போனது. பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை. சினமன் லைஃபிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் காலிமுகத்திடலில் ஜனங்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சே நாட்டை விட்டு ஓடினார்.

கேசினோவின் கதவைத் திறந்துவிட்டது இந்தத் திவால்தான் என்பது என் கருத்து. அறம் பேசிய கட்சிகள் எல்லாம் டாலர் எங்கிருந்து வரும் என்று தேட வேண்டிய நிலை. உரிமத்துக்கான விதிகளும் கட்டணங்களும் 2022-ல் வெளியாயின. 1991-ல் ஒரு ஜனாதிபதி மூடிய தொழிலை, முப்பது வருஷம் கழித்து நாடே வாசலில் நின்று வரவேற்றது. ஒரு அரசு சூதாட்டத்தை எப்போது அனுமதிக்கிறது என்று பார்த்தால், அநேகமாக அதன் கஜானா காலியாக இருக்கும்போதுதான். நாமும் இதற்கு விலக்கல்ல. தமிழக அரசே 1968-ல் லாட்டரி நடத்த ஆரம்பித்தது, 2003 ஜனவரியில்தான் அதற்குத் தடை வந்தது. மாசி வீதிகளில் ஒலிபெருக்கி வைத்து ரிசல்ட் படித்த காலம் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும்.

மெல்கோ வந்த கதை

ஹோட்டல் கட்டத் தெரிந்த ஜான் கீல்ஸுக்கு கேசினோ நடத்தத் தெரியாது. ஆள் தேடினார்கள். கிடைத்தவர் லாரன்ஸ் ஹோ. மக்காவின் சூதாட்டத்தை 1962-லிருந்து நாற்பது ஆண்டு தன் ஒரே கையில் வைத்திருந்த ஸ்டான்லி ஹோவின் மகன். அவருடைய மெல்கோ நிறுவனம் மக்காவ், மணிலா, சைப்ரஸ் ஆகிய இடங்களில் 'சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ்' என்ற பெயரில் கேசினோ ஹோட்டல்கள் நடத்துகிறது. 2024 ஏப்ரலில் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. மெல்கோவின் துணை நிறுவனத்துக்கு 20 ஆண்டு உரிமம். கேசினோவை அலங்கரித்து நடத்தவும், உச்சி மாடிகளில் 113 அறைகளை 'நுவா' என்ற பெயரில் நடத்தவும் சுமார் 12.5 கோடி டாலர் போட மெல்கோ ஒத்துக்கொண்டது.

மிச்சமுள்ள 687 அறைகளோடு சினமன் லைஃப் 2024 அக்டோபர் 15-ல் திறந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் இடதுசாரிப் பின்னணியிலிருந்து வந்த அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதி ஆகியிருந்தார். ஆட்சி மாறியும் திட்டம் நிற்கவில்லை. 2025 ஆகஸ்ட் 2-ம் தேதி கேசினோ திறந்தது.

அந்த ஆகஸ்ட் மாதத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இலங்கை நாடாளுமன்றம் சூதாட்டத்தைக் கண்காணிக்க ஒரு ஆணையம் அமைக்கும் சட்டத்தை அதே மாதம் நிறைவேற்றியது. இந்திய நாடாளுமன்றமும் அதே மாதத்தில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்தது. அந்தத் தடைக்கு முன்னால் நடந்ததில் மதுரைக்கும் பங்கு உண்டு. 2020 ஜூலையில் ஒரு சீட்டாட்ட வழக்கை விசாரித்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ஆன்லைன் ரம்மியை முறைப்படுத்த அரசு சட்டம் கொண்டுவர வேண்டும் என்று சொன்னது. நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமே அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, அரசு புதிய மசோதா கொண்டுவந்தது. அதை ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பினார். 2023 ஏப்ரலில்தான் அது சட்டமானது. அதிலும் ரம்மி, போக்கர் இரண்டும் திறமை விளையாட்டுகள் என்று அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் விலக்கு அளித்தது. இத்தனை இழுபறிக்குப் பின், கைபேசியில் விரிந்த மேசையை டெல்லி மடக்கியது. அதே மாதத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மேசை விரிந்தது.

மேசையின் கணக்கு

கேசினோவில் ஏமாற்று வேலை நடக்கிறது, சக்கரத்தில் காந்தம் வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் நம் ஊரில் பேசிக்கொள்வார்கள். அப்படி எதுவும் தேவையே இல்லை. கணக்கே அவர்கள் பக்கம் இருக்கிறது. இதை ஆடப் போகிறவர்கள் ஒருமுறையாவது பேப்பரில் போட்டுப் பார்க்க வேண்டும்.

ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். ஒற்றைப் பூஜ்யம் உள்ள சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், கூட ஒரு பூஜ்யம். மொத்தம் 37 குழி. ஒரு எண்ணில் 100 ரூபாய் வைத்து அது விழுந்தால் 35 மடங்கு தருவார்கள், வைத்த பணமும் திரும்பும். கையில் 3,600 ரூபாய். இப்போது 37 குழியிலும் தலா 100 ரூபாய் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். வைத்தது 3,700. எந்த எண் விழுந்தாலும் திரும்பி வருவது 3,600. அந்த 100 ரூபாய்தான் கேசினோவின் பங்கு. 100-க்கு 2 ரூபாய் 70 காசு. சக்கரத்தில் இரட்டைப் பூஜ்யம் இருந்தால் குழி 38 ஆகும், பங்கும் 5 ரூபாய் 26 காசாக ஏறும்.

வெறும் 2 ரூபாய் 70 காசுதானே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். ஒருவர் ஒரு லட்சம் ரூபாயோடு உட்காருகிறார். சுற்றுக்கு 5,000 வைக்கிறார். ஜெயிக்கிறார், தோற்கிறார், ஜெயித்ததை மறுபடி வைக்கிறார். மணிக்கு 40 சுற்று என்று வைத்துக்கொண்டால் சுமார் பதினெட்டரை மணி நேரத்தில் 740 சுற்று. மொத்தம் மேசையில் புரண்ட பணம் 37 லட்சம். அதில் 37-ல் ஒரு பங்கு கேசினோவுக்கு. அதாவது, சராசரிக் கணக்கில், அவர் கொண்டுவந்த ஒரு லட்சம் முழுதும். இரண்டு ராத்திரி, ஒரு பகல் வேலை. இடையில் ஒரு கட்டத்தில் கையில் மூன்று லட்சம் இருந்திருக்கலாம். ஊருக்குத் திரும்பியபின் அவர் எல்லோரிடமும் சொல்வது அந்த மூன்று லட்சத்தைப் பற்றித்தான்.

ஆகையால் கேசினோவுக்கு வேண்டியது உங்கள் நேரம். நீங்கள் எழுந்து போகாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் ஹோட்டல். இவ்வளவு ரூபாய்க்கு சிப் வாங்கினால் விமான டிக்கெட் இலவசம், அறை இலவசம், சாப்பாடும் குடியும் இலவசம் என்று ஏஜென்டுகள் ஆள் பிடிப்பது கொழும்பில் பல காலமாக நடக்கும் வழக்கம். அறை வாடகையை வசூலிக்காத ஹோட்டல் நஷ்டத்தில் ஓடுவதில்லை. மேசை அதைக் கொடுத்துவிடுகிறது. ராணி மங்கம்மாள் மதுரையில் கட்டிய சத்திரம், காசு வாங்காமல் வழிப்போக்கனைத் தங்க வைத்துக் காலையில் அனுப்பி வைப்பதற்காக எழுந்தது. கேசினோ ஹோட்டலின் இலவச அறை, தங்கியவன் மறுநாளும் கிளம்பாமல் இருப்பதற்காக.

லாஸ் வேகஸில் தொடங்கிய இந்த ஏற்பாடு ஆசியாவுக்கு வந்து வெகுநாள் ஆகிறது. மலேசியச் சுற்றுலா போன மதுரைக்காரர்கள் ஜென்டிங் மலையைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். சீனாவிலிருந்து பிழைக்க வந்த லிம் கோ தொங் காட்டு மலையில் சொந்தப் பணத்தில் ரோடு போட்டு, 1969-ல் கேசினோ உரிமம் வாங்கி, 1971-ல் 200 அறைகளோடு முதல் ஹோட்டலைத் திறந்தார். இன்று அங்கே ஒரு ஹோட்டலில் மட்டும் 7,000 அறைக்கு மேல். ஒரு கேசினோ மேசையின் ஓரத்தில் ஒரு ஊரே முளைக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வேலைவாய்ப்பும் அப்படியே. சினமன் லைஃபிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. திவாலான நாட்டில் அது சின்ன விஷயமல்ல, அதை நான் மறுக்கவில்லை.

பணம் எப்படிப் போகிறது

நம் பக்கம் திரும்புவோம். இந்தியாவில் கோவா, சிக்கிம் இரண்டு இடங்களில் மட்டும் சட்டப்படி கேசினோ நடக்கிறது. மதுரையிலிருந்து கோவாவுக்கு ரயிலில் போவதைவிடக் கொழும்பு சுலபம், ஹோட்டலில் மொழிப் பிரச்சனையும் இல்லை. தமிழில் பேசினால் தமிழில் பதில் வரும். அதனால்தான் தென் மாவட்டங்களைப் பொறுத்தவரை கொழும்பின் இழுப்பு தனி.

சுற்றுலாவுக்கு அந்நியச் செலாவணி எடுத்துப் போக வழி உண்டு. ஆனால் லாட்டரி டிக்கெட், பந்தயச் சீட்டு போன்றவற்றுக்கு இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் 2000-லிருந்தே தடை செய்திருக்கின்றன. பெரிய தொகையோடு ஆடுகிறவர் வங்கி வழியாகப் போவதில்லை. இங்கே ஒருவரிடம் ரூபாயைக் கொடுத்தால் அங்கே ஒருவர் தருவார். கடலோர மாவட்டங்களில் இதற்கு உண்டியல் என்று பெயர். தோற்ற பணத்துக்கும் அதே வழிதான். அங்கே கடனுக்கு சிப் வாங்கி ஆடிவிட்டு வந்தால், வசூல் இங்கே வீட்டு வாசலில் நடக்கும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழகம் 2003-ல் சட்டம் போட்டது. அந்த வட்டிக்கு இரையான சமவெளியில், சூதில் பட்ட கடனை நிலத்தை விற்று அடைப்பது புதிய கதையல்ல. திருவள்ளுவர் சூதுக்குத் தனி அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார் என்றால், அது அவர் காலத்திலேயே குடும்பங்களைத் தெருவில் நிறுத்திய விஷயம்.

ஜெயித்தாலும் முழுசாக வீட்டுக்கு வராது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுக் கேசினோவில் ஜெயித்த பணத்துக்கும் இங்கே 30 சதவீதம் வருமான வரி உண்டு. தோற்றதை அதில் கழிக்க முடியாது. மூன்று முறை தோற்று ஒரு முறை ஜெயித்தவர், அந்த ஒரு முறைக்கு முழு வரி கட்ட வேண்டும்.

தங்கள் ஜனங்களைக் காக்க மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? மலேசியாவில் முஸ்லிம்கள் கேசினோவுக்குள் நுழைய முடியாது. சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளைக்கு 150 சிங்கப்பூர் டாலர் கட்டினால்தான் உள்ளே விடுவார்கள். புருஷன் சூதில் மூழ்குகிறான் என்றால் மனைவி விண்ணப்பித்து அவனுக்கு வாசலையே மூடிவிடவும் அங்கே சட்டம் உண்டு. இலங்கையும் தன் குடிமக்களுக்கு நுழைவுக் கட்டணம் வைத்திருக்கிறது. 50 அமெரிக்க டாலராக இருந்ததை 2025-ல் 100 டாலராக ஏற்றியது. வெளிநாட்டவருக்கு அந்தக் கட்டணம் கிடையாது. மதுரைப் பாஸ்போர்ட்டுக்கு வாசல் திறந்தே கிடக்கிறது.

அந்தந்த நாடு தன் ஜனத்தைக் காப்பது அதன் கடமை. கொழும்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குண்டிலும் கொரோனாவிலும் திவாலிலும் அடிபட்ட நாடு, கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு எழுகிறது. ஆனால் நம் குடும்பங்களைக் காக்கும் வேலையை இலங்கை அரசு செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆன்லைன் ரம்மிக்காக இத்தனை வருஷம் நீதிமன்றப் படி ஏறிய தமிழக அரசு, இலவச விமான டிக்கெட் காட்டி ஆள் பிடிக்கும் ஏஜென்டுகள் மீது கண்ணை வைக்க வேண்டும். சிங்கப்பூரில் உள்ளதுபோல, குடும்பத்தார் கேட்டால் ஒருவருக்கு வாசலை மூடும் ஏற்பாட்டை இந்தியர்களுக்கும் செய்துதரும்படி இலங்கையின் புதிய ஆணையத்திடம் நம் அரசு பேசலாம். இரண்டு அரசுகளும் மீனவர் பிரச்சனைக்கு உட்காரும் மேசையிலேயே இதையும் வைக்கலாம்.

வீட்டில் யாராவது இந்தப் பிடியில் இருந்தால், அதைக் கெட்ட பழக்கம் என்று திட்டித் திருத்திவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சூதாட்ட அடிமைத்தனத்தையும் சேர்த்திருக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். ஊர் பேர் சொல்லத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. கந்துவட்டிக்குக் கடன் கொடுத்தவர் மிரட்டினால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலோ மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்திலோ கந்துவட்டிச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்கலாம். கடன் சூதில் பட்டதா, விவசாயத்தில் பட்டதா என்று பார்க்காமல் அந்தச் சட்டம் பொருந்தும்.